வாரேன் சாமி

போன வருடம் பங்குனி மாதம். உச்சி வெயில். என் தங்கை வசந்தா ஊர்க் குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக மாட்டுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு போனாள். நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் கிணறு. கிணற்றில் தண்ணீரும் இருந்தது. ஆனால் அன்றைக்கு என் முறை. என் முறை நாளில் ஒரு வாளி கூட எடுக்க மாட்டேன் என்பது அவள் வைராக்கியம். வந்து மொண்டுகொண்டு போ என்று சொல்ல மாட்டேன் என்பது என் வைராக்கியம். அவளுக்கு முட்டி வலி. பாதி வழியில் குடத்தை இடுப்பு மாற்றி வைக்க நின்றாள். அப்போதும் நான் கூப்பிடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திருச்செங்கோட்டு மலைக்கு நடந்து ஏறுகிறவர்களே, பஸ்ஸில் வருகிறவர்களே, வர முடியாமல் வீட்டிலிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களே, நான் பாவாயி. மல்லசமுத்திரம் பக்கம் சின்ன ஊர். எழுதிப் பழக்கமில்லை, மேடையில் பேசிப் பழக்கமில்லை. சண்டை போட்டுத்தான் பழக்கம். என் குரல் கேட்டால் எங்கள் ஊர்ப் பால்காரர் மணி அடிக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அப்படிப்பட்டவளுக்கு நம் அம்மையப்பன் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நானும் வசந்தாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணன் செங்கோடனுக்கு நான், தம்பி சேகருக்கு அவள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டுக்கு மருமகளாகப் போனால் ஒட்டுக்கா இருக்கலாம் என்று என் அம்மா ஆசைப்பட்டுச் செய்த ஏற்பாடு. இருந்தோம், ரொம்ப நாள் நன்றாகவே இருந்தோம். அவளைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். அவளுக்குப் பேரன் வந்த பிறகும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை விட "சாமி" என்று கூப்பிட்டதுதான் அதிகம். எங்கள் பக்கம் அப்படித்தான். கோயிலில் கும்பிடுகிறதும் சாமிதான், மடியில் வைத்துக் கொஞ்சுகிறதும் சாமிதான்.

மாமனார் காலத்துக்குப் பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியுமா? அது பொதுவில் நின்றது. ஒரே மோட்டார். ஒரு நாள் எனக்கு, மறுநாள் அவளுக்கு. எனக்குச் சின்ன வெங்காயம், அவளுக்குக் கறவை மாடும் தீவனப் புல்லும். மழை பெய்கிற வருடத்தில் முறையை யாரும் கவனிக்கவே மாட்டோம். மழை பொய்த்த வருடத்தில்தான் வந்தது வினை.

அந்தக் கோடையில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. சில நாள் கரண்ட் இல்லை. என் முறை ஒன்று போனது, அவள் முறை போனது, மறுபடி என் முறை போனது. மோட்டார் ஓடாததால் கிணறு நிதானமாக ஊறி மேல் படி வரைக்கும் வந்துவிட்டது. எட்டிப் பார்த்து எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என் வெங்காயம் திரள்கிற நேரம். கரண்ட் வந்ததும் ஒரு தண்ணீர் விட்டால் தப்பித்துவிடும். கரண்ட் வந்தது. வந்த நாள் அவளுடைய நாள். நான் எழுந்து வெளியே வருவதற்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஊறிய தண்ணீர் அத்தனையும் அவள் புல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் கத்தின கத்தில் காக்காய் எல்லாம் பறந்துவிட்டது.

"அது என்ற தண்ணி புள்ள! கரண்டு இல்லாதப்ப ரெண்டு முறை போச்சு எனக்கு. அதுல ஊறுன தண்ணி அது!"

"இன்னைக்கு யார்ற நாளுக்கா? காலண்டரப் பாரு. டிரான்ஸ்பார்மர நானா எரிச்சேன்?"

"என்ற வெங்காயம் கருகிப் போயிரும்டி!"

"என்ற மாடு கன்னு போட்டு நிக்குது. புல்லு காஞ்சு போச்சு. அதுக்கு நான் என்னத்தப் போடறது?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கெரகம். ஒருவர் பக்கம் தப்பு என்றால் அன்றைக்கே முடிந்திருக்கும். "உன்ற மாடு எக்கேடு கெட்டா எனக்கென்ன" என்று நான் சொன்னேன். "உன்ற வெங்காயம் கருகுனா எனக்கென்ன" என்று அவள் சொன்னாள். அதுவரைக்கும் நம்ம மாடு, நம்ம வெங்காயம் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அவள் பெண்ணுக்குச் சீர் கொண்டுபோனதிலிருந்து என் மகனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கட்டியது வரைக்கும் இழுத்துப் பேசினோம். கடைசியில் அவள், "இனி உன்ற ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள். "மிதிக்காதே, படி தேயாது" என்றேன் நான்.

அதோடு பேச்சு நின்றது. என் வெங்காயமும் போனது. அந்தக் கோடை போய், மழைக்காலம் போய், நான் முதலில் சொன்ன போன வருடப் பங்குனியே வந்துவிட்டது. கிணற்றடியில் நான் கிழக்கே பார்த்து நின்றால் அவள் மேற்கே பார்த்து நிற்பாள். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்துவிடுவது நின்றது. பக்கத்து வீட்டில் அவள் தாளிக்கிற வாசம் எனக்கு வரும். இன்றைக்குக் கொள்ளுப் பருப்பு போல என்று நினைப்பேன். நினைத்துவிட்டு என்னையே திட்டிக்கொள்வேன். எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் மட்டும் எங்களுக்குத் தெரியாமல் மல்லசமுத்திரம் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ஊருக்குள் வரும்போது தனித்தனியாக வந்தார்களாம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

இந்த நிலைமையில்தான் வசந்தா தோட்டத்துக்கு ரிக் வண்டி வரப்போகிறது என்ற செய்தி வந்தது. போர் போடுகிற வண்டிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பஞ்சமா? வேறு மாநிலம் வரைக்கும் போய்ப் பூமியைத் துளைக்கிற வண்டியெல்லாம் நம் பக்கத்து வண்டிதான். சேகர் கல்யாணத்துக்கு முன்னால் ரிக்கில் வேலை பார்த்தவர். அவர் ஒரு போன் போட்டால் வண்டி வந்துவிடும். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் தோட்டம் முழுக்க நடந்தார். தேங்காய் எங்கே போய் எழுந்து நின்றது தெரியுமா? கிணற்றுக்குப் பக்கத்தில், அவர்கள் பாகத்தில். அங்கே சுண்ணாம்பால் குறி போட்டார்கள். வருகிற புதன்கிழமை வண்டி என்று பேச்சு.

அந்த இடத்தில் போர் இறங்கினால் கிணறு செத்தது என்று அர்த்தம். எங்களுக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் அப்படித்தான் ஆனது. கிணற்று ஊற்றையெல்லாம் போர் இழுத்துக்கொண்டது. பிறகு போரும் வற்றி வெறும் காற்றுதான் வந்தது. இப்போது அந்தக் கிணற்றில் குப்பை கொட்டுகிறார்கள். இது வசந்தாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிணறு போனால் தோட்டம் போகும். அதைக் கூடச் சகித்துக்கொள்ளலாம். எங்கள் இருவருக்கும் பொதுவில் மிச்சம் இருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான். திரும்பி நின்றுகொண்டாவது அங்கே அவளை நான் பார்க்கிறேன். அதுவும் போய்விட்டால் அவள் எனக்கு அசலூர்க்காரி மாதிரிதான்.

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவரே வாய் திறந்தார்.

"நீயே ஒரு போனப் போட்டாத்தான் என்ன, பாவாயி?"

"நான் பெரியவளுங்க. நானா எறங்கிப் போறது?"

"பெரியவதான் எறங்கோணும். சின்னவ ஏறி வாரதுக்கு அவளுக்குத்தான் முட்டி வலியாச்சே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "நீங்க கம்முனு இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல், தனியாக மலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போதே மனதுக்குள் ஒத்திகை. ரிக் வண்டி வரக்கூடாது. வந்தாலும் ஆக்சில் உடைந்து வழியில் நிற்க வேண்டும். கிணறு என் பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டும். அவள் வந்து என் காலில் விழாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணிலாவது தண்ணீர் விட வேண்டும். இவ்வளவும் கேட்பதாகத்தான் வரிசையில் நின்றேன்.

திரை விலகியது. தீபாராதனை காட்டினார்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் சாமி எப்படி நிற்கிறார் என்று. ஒரு பாதி அப்பன், ஒரு பாதி அம்மை. விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்குத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. அடி பாவாயி, பாதி பாதியாக நிற்கிற சாமியிடம் வந்து முழுக் கிணற்றையும் கேட்கிறாயே! எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோனது. ஒன்றும் கேட்கவில்லை. சாமி காலடியில் ஊறுகிற தீர்த்தத்தைக் குருக்கள் கையில் ஊற்றினார். எனக்கு முன்னால் காரில் வந்த பெரிய குடும்பம், பின்னால் செங்கல் சூளையில் வேலை செய்கிற பெண். எல்லாருக்கும் ஒரு கை தீர்த்தம்தான். குடித்துவிட்டு ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டு வெளி மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

பையிலிருந்து செல்போனை எடுத்தேன். என் மகன் வாங்கிக் கொடுத்த டச் போன். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஒன்றைத் தொட்டால் வேறொன்று ஆகும். வசந்தாவின் பேரைத் தேடி எடுத்தேன். பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டை விரலை அதன் மேல் கொண்டுபோனேன். பேசினால் என்ன சொல்வது? அவள் எடுக்காவிட்டால்? எடுத்து ஒரு வார்த்தை சுருக்கென்று சொல்லிவிட்டால்? வேண்டாம் என்று விரலை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். போனைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்து, சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். உள்ளே மணி அடித்தது. அப்போது எனக்கு உடைந்துவிட்டது. பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை. வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்குக் கெணறு வேண்டாமுங்க. வெங்காயம் போனாப் போகட்டும். அவ மாட்டுக்குத் தண்ணி குடுங்க. முட்டி வலிய வச்சுட்டுக் கொடம் சொமக்கறா. என்னால கண் கொண்டு பாக்க முடியலீங்க."

வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கோயிலை விட்டு வரும்போது எப்போதும் சொல்கிறதைச் சொன்னேன்.

"வாரேன் சாமி."

ஊருக்குத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். புளியமரத்தடியில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வசந்தா நின்றிருந்தாள். வேறு யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவள் குறுக்கே வந்தாள்.

"பஸ்ஸு லேட்டாக்கா?"

நான் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"வாரேன் சாமின்னு போன்ல சொன்னீல்ல? உடனே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிட்டேன். ஆறிப் போகுது, வா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையைத் தடவிப் போனை எடுத்துப் பார்த்தேன். அவள் பேர் மேலே நின்றது. அழைத்திருக்கிறேன். பேச்சு ஓடியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் என் விரல் செய்த வேலை! சாமியிடம் விடைபெற்றதை, அக்கா தன்னைப் பார்க்க வருகிறேன் என்கிறாள் என்று இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாரேன் என்பது கிளம்புகிறதுக்கும் அதே வார்த்தை, வருகிறதுக்கும் அதே வார்த்தை. சாமி என்பது அவருக்கும் அதே பேர், இவளுக்கும் அதே பேர்.

"நான் உனக்கெங்க சொன்னேன்?" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதுவரை வந்ததை நான் விழுங்கியதே இல்லை. அன்றைக்கு விழுங்கினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் சிவந்து கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ. "ஆமா சாமி, பஸ்ஸு லேட்டு" என்றேன்.

அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நெய் ஊற்றினாள். நான் கேட்காமலே கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுக் குழம்பு ஊற்றினாள். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதை மறக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நான்தான் ஆரம்பித்தேன்.

"வசந்தா, போர் போடாத சாமி."

"அப்பறம் என்ற மாட்டுக்கு என்னக்கா பண்றது? நீ சொல்லு."

"முறைப்படி எடுத்துக்க."

"முறை முறைங்கற. கரண்டு போனா முறை போச்சு. அன்னைக்கும் அதத்தான சொன்னேன்?"

"அன்னைக்கு ஊறுன தண்ணி என்றது."

"என்ற நாளுல ஓடுனது என்றது."

பாருங்கள், சாப்பிட்ட கை கூடக் காயவில்லை, மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம். அவள் விருட்டென்று எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் செருப்பைத் தேடினேன். அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் மாடு கத்தியது. முந்தின வருடச் சண்டையின்போது கன்றாக இருந்தது அப்போது கிடாரியாக நின்றது, அதுவும் சேர்ந்து கத்தியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொட்டகைக்குப் போனோம். தொட்டியில் தண்ணீர் தீர்ந்து அடி தெரிந்தது. அவள் குடத்தை எடுத்தாள், ஊர்க் குழாய்க்குப் போக. அன்றைக்கு என் முறை அல்லவா. நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"வாயில்லாத ஜீவனுக்கு என்னடி முறை? கெணத்துல போய் மொண்டுட்டு வா. இனி என்ற நாளு, உன்ற நாளு எதுவா இருந்தாலும் மொதல்ல மாட்டுக்கு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"கோயிலுக்குப் போய்ட்டு வந்த வாயில பொய் சொல்வனா?"

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மாட்டுக்கு எங்கள் அழுகை எதற்கு? அது தண்ணீருக்குக் கத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் போய் மொண்டுகொண்டு வந்து ஊற்றினோம். அதுதான் எங்களுக்குள் ஒப்புக்கொண்ட முதல் விசயம்.

ஒன்றில் ஒத்துப்போன பிறகு மற்றது பேச வழி வந்தது. கிணற்றடியிலேயே உட்கார்ந்தோம். கிணற்றுக்குப் பக்கத்தில், மேட்டில், மாமனார் காலத்துச் சிமெண்ட் தொட்டி ஒன்று வெடிப்பு விட்டு, ஓணான் குடியிருந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குருக்கள் கையில் ஊற்றிய தீர்த்தம் ஞாபகம் வந்தது.

"ஏம்புள்ள, மலையில தீர்த்தம் எப்படிக் குடுக்கறாங்க? உனக்கு இத்தன நேரம், எனக்கு இத்தன நேரம்னா ஊத்தறாங்க?"

"ஆளுக்கு ஒரு கை."

"நாம ஏன் நாள எண்ணறோம்? தண்ணிய எண்ணலாமுல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். கெட்டிக்காரி, நான் சொல்லி முடிக்கும் முன்னால் பிடித்துக்கொண்டாள். "தொட்டி நெறைய ஒனக்கு, அடுத்த தொட்டி எனக்கு. கரண்டு போனா முறை போகாது, தொட்டி நெறையற வரைக்கும் காத்திருக்கும். அதான?"

"அதேதான்!"

ஊறிய தண்ணீர் யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் போனது. அத்தனை நாள் அந்தக் கேள்விக்காக முகம் பார்க்காமல் இருந்தோம். எனக்குச் சந்தோசத்தில் உடம்பு சிலிர்த்தது. ஆனால் வசந்தா லேசில் விடுகிறவளா? சந்தையில் வெங்காயம் பேரம் பேசுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

"சரிக்கா. ஆனா கோடையில மொதத் தொட்டி எனக்கு. புல்லு தாங்காது."

"அதெப்படி? வெங்காயம் தெரளறப்ப மொதத் தொட்டி எனக்கு வேணும்."

"வெங்காயம் தெரளறப்ப எடுத்துக்க. மத்த நாளு எனக்கு."

"சரி. அப்ப நீ புல்லக் கொறைக்கோணும். கெணறு தாங்க வேண்டாமா?"

"கொறச்சா மாடு எதத் திங்கும்? உன்ற பேச்சையா?"

"தின்னாத் திங்கட்டும், அதுதான் ஏகப்பட்டது கெடக்கே" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவள் சிரித்ததைக் கேட்டு எவ்வளவு காலம்! பிறகு நானே ஒரு படி இறங்கினேன். என் மேட்டு வயலில் வெங்காயத்தை விட்டுவிட்டுச் சோளம் விதைக்கிறேன், மழைக்கு அது தானாக வரும், சோளத்தட்டு முழுக்க உன் மாட்டுக்குத் தீவனம் என்றேன். அவளும் ஒரு படி இறங்கினாள். அப்படியானால் பாதிப் புல்லை எடுத்துவிடுகிறேன், சாணி எரு முழுக்க உன் வெங்காயத்துக்கு என்றாள். எனக்கு அந்த மேட்டு வயலை விட மனசே இல்லை, அது நல்ல விளைச்சல் உள்ள மண். அவளுக்கும் புல்லை விட மனசில்லை. இருவருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. சும்மா சொல்லக் கூடாது.

போர் விசயத்தில் மட்டும் இழுத்தாள். "அவரு வண்டிக்காரங்ககிட்டச் சொல்லிப்போட்டாருக்கா. வாக்கு குடுத்துட்டு வேண்டாம்னு எப்படிச் சொல்வாரு?" நான் அதற்கு மேல் கட்டாயப்படுத்தவில்லை. இந்த ஒரு கோடைக்குத் தொட்டியை வைத்துப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் கிணற்றை விட்டுத் தள்ளிக் கீழ் ஓரத்தில் போர் போட்டுக்கொள், நானே வந்து பூசைக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். அவள் எழுந்து சேகருக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, புதன்கெழம வண்டி வேண்டாமுங்க. அக்காவும் நானும் பேசிட்டோம்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "அம்மையப்பா!" என்றது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் இருந்திருக்கிறார்கள். குட்டு அன்றைக்குத்தான் வெளிப்பட்டது.

ரிக் வண்டி எங்கள் ஊர் வழியாக வேறு ஊருக்குப் போனது. சேகரும் எங்கள் வீட்டுக்காரரும் தொட்டியில் வெடிப்பை அடைத்துப் பூசினார்கள். ஓணானுக்கு மட்டும்தான் வீடு போனது. முதல் தொட்டி நிறைந்ததும் வசந்தா ஒரு கை தண்ணீர் அள்ளி என் வாயில் ஊற்றினாள், நான் அவள் வாயில் ஊற்றினேன். அந்தக் கோடையை அந்தத் தண்ணீரிலேயே ஓட்டினோம். வெங்காயம் கொஞ்சம் குறைவுதான். மாடும் இளைத்துத்தான் போனது. ஆனால் கிணறு இருக்கிறது. சுண்ணாம்புக் குறி மழையில் கரைந்துபோய்விட்டது.

இப்போது எங்களுக்குள் சண்டையே இல்லை என்று சொன்னால் சாமி என் கண்ணைக் குத்திவிடும். போன வாரம் கூடத் தொட்டி வழிந்து வீணாய்ப் போனதற்கு ஒரு மூச்சுக் கத்தினேன். அவளும் கத்தினாள். ஆனால் கத்தி முடித்ததும் யாராவது ஒருத்தி, "சரி, இப்ப என்ன பண்ணலாங்கற, அதச் சொல்லு" என்பாள். அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு மலையிலிருந்து வந்ததாகத்தான் நான் நம்புகிறேன்.

இதெல்லாம் சரி. ஆனால் என் மனதில் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அவளுக்குச் சொல்லாத வார்த்தைக்கு அவள் சோறு போட்டாளே. அந்த அரிசிம்பருப்பை ஏமாற்றித் தின்ற மாதிரி எனக்கு உறுத்தியது. இந்தப் பங்குனியில் இருவரும் சேர்ந்து நன்றி சொல்ல மலைக்கு வந்தோம். தரிசனம் முடிந்து அதே வெளி மண்டபத்தில் உட்கார்ந்தோம். எனக்குத் தாங்கவில்லை.

"வசந்தா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு நான் வாரேன் சாமின்னு சொன்னது உனக்கில்ல. இங்க நின்னு இந்தச் சாமிகிட்டச் சொன்னேன். போன் கைதவறிப் போயிருச்சு."

அவள் தேங்காய்ச் சில்லை மென்றுகொண்டே சந்நிதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"மணிச் சத்தம் கேட்டுதே. நீ ஏதாச்சும் பேசுவீன்னு போனக் காதுல வச்சுட்டே நின்னேன். நீ எம்மாட்டுக்குத் தண்ணி கேட்டு அழுதுட்டு இருந்த. சாமிகிட்டத்தான் வாரேங்கறீன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏண்டி வெயில்ல வந்து நின்ன?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ என்னையச் சாமின்னு கூப்புட்டு அப்ப ஒரு வருசமாச்சு. யாருக்குச் சொன்னா என்ன, எனக்குச் சொன்னதாவே வச்சுக்கலாம்னு வந்து நின்னேன்."

நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது பேசாமல் இருக்கலாம். மலைக்கு வாருங்கள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்க வந்தாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன கேட்க வேண்டும் என்பதை அவரே மாற்றிக் கொடுப்பார். பிறகு நேராக அவர்கள் வீட்டுக்குப் போங்கள், போய் உட்கார்ந்து பேசுங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரும், அது வலிக்கும். அதையும் அவர் பார்த்துக்கொள்வார். என் கிணற்றையும் என் தங்கையையும் எனக்குத் திருப்பிக் கொடுத்த அம்மையப்பனுக்கு நான் எத்தனை படி ஏறினாலும் போதாது.

வசந்தா தொட்டிக்கரையிலிருந்து சத்தம் போடுகிறாள். இன்றைக்கு என் தொட்டி. போகவேண்டும்.

வாரேன் சாமி.